முத்தை அளந்தார்கள், மூச்சை அளந்தார்களா?

மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடைக்குப் பெயர் 20. அடுத்தவை 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியாக 1000. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். ஒரு முத்து எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுவே அதன் அளவு. அதன்பின் அதன் உருட்சியைப் பார்ப்பார்கள், நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்ப்பார்கள், ஆணிமுத்து முதல் தூள் வரை இனம் பிரிப்பார்கள், மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள், நிறையையும் எண்ணிக்கையையும் சேர்த்துச் செவ்வுக் கணக்குப் போட்டு விலை சொல்வார்கள். கண்ணுக்கே புலப்படாத தூளுக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. அந்த முத்தைக் கடலடியிலிருந்து கொண்டுவந்தவனின் மூச்சுக்கு இப்படி ஒரு சல்லடை இருந்ததா? மூச்சை அடக்கிய நேரத்தில் அவன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று எவராவது கணக்கு வைத்தார்களா? கொற்கை தொடங்கித் தூத்துக்குடி வரை இரண்டாயிரம் ஆண்டுக்கு நீளும் இந்தத் தொழிலின் எழுத்துச் சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்தக் கரையில் வருமானம் தரும் எல்லாம் அளக்கப்பட்டன. உழைத்த உடம்பு அளக்கப்படவில்லை. அளக்கப்படாத உடம்புக்கு நேரும் கேடு ஆட்சிக்கும் தெரிவதில்லை, மருத்துவத்துக்கும் தெரிவதில்லை. முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இதைப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், மூச்சு நின்று நின்று வரும் வேறொரு கேடு இன்று அதே கரையில் அளக்கப்படாமல் இருப்பதுதான்.

முதலில் சான்றுகள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகச் சொல்கிறது. இந்தக் கரையில் மூச்சடக்கி மூழ்கும் மனிதனைப் பற்றி அயலார் எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றே அவனைக் கைதியாகத்தான் காட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பங்குக் கணக்கைத் துல்லியமாக எழுதிவைத்தார்: கிடைத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு. குளிப்பவன் எவ்வளவு நேரம் நீருக்குள் இருப்பான் என்பதற்கு அவர் தந்த விடை, முடிந்த மட்டும் என்பதே. 1530களில் பரதவர் சமூகம் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவத்தைத் தழுவியதன் பின்னணியில் முத்துக்குளிக்கும் உரிமை யாருக்கு என்ற பூசலும் இருந்தது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது; பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். கொடி மாறியதே தவிர சலாபம் என்னும் முத்தெடுப்பின் அமைப்பு மாறவில்லை. சிப்பி படியும் கடலடிப் பார் எங்கே விளைந்திருக்கிறது என்று முன்கூட்டிச் சோதிப்பது, மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தின் மதிப்பைக் கணிப்பது, தோணிகளைக் குறிப்பது, கரையில் கொட்டு என்னும் அடைப்பை அமைப்பது, சிப்பியைக் குவியலாகப் பிரித்து ஏலம் விடுவது என எல்லாவற்றுக்கும் முறை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குவியலில் மூன்றில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளிப்பவர்களுக்கும் தோணிக்கும் என்பது வழக்கம். இலங்கைப் பகுதியில் 1905இல் நடந்த பெரும் சலாபத்தில் 8 கோடியே 15 லட்சம் சிப்பிகள் எடுக்கப்பட்டன என்று சொல்ல முடிகிறது; சிப்பியின் எண்ணிக்கையை அவ்வளவு கவனமாக வைத்திருந்தார்கள்.

இனி அந்த வேலையை அருகிலிருந்து பார்ப்போம். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் தோணிகள் கிளம்பும். விடியும்போது பாரின் மேல் நிற்கும். குளிப்பவர்கள் இருவர் இருவராக ஒரு கல்லைப் பங்கிடுவார்கள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். கல்லின் எடை ஏறக்குறைய 14 கிலோ. கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் ஒரு காலை நுழைத்து, சிப்பிக்கான வலைப்பையை உடம்போடு சேர்த்து, ஆழ மூச்சிழுத்து, விரலால் மூக்கை அழுத்திக்கொண்டு குறிப்புக் காட்டுவான். கயிறு விடப்படும்; கல் அவனை நேரே அடிக்கு இழுத்துச் செல்லும். அரபுக் குளிகாரர்கள் மூக்குக்குக் கொம்பினால் செய்த கவ்வி வைத்திருந்தார்கள். நம் கரையினருக்கு விரலே கவ்வி. அடியில் கல்லை விட்டுவிட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பையில் போடுவான். மூச்சு முட்டியதும் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவர் இழுப்பார். ஒன்பது பாகம், அதாவது சுமார் 16 மீட்டர் ஆழத்தில், நீரும் காற்றும் சேர்ந்து தரும் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். நிரப்பிக்கொண்டு போன நுரையீரல் அங்கே ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். செவிப்பறை உள்நோக்கி அழுந்தும். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பதாகவே உடம்பு உணரும். ஆபத்து மேலே ஏறும்போதுதான். அழுத்தம் குறையக் குறைய இரத்தத்தில் ஆக்சிஜன் சட்டென்று சரியும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நினைவு தப்பலாம். 1797ஐ ஒட்டிய ஆண்டுகளில் சலாபத்தைப் பார்த்த கேப்டன் ராபர்ட் பெர்சிவல், ஒருவர் நாளுக்கு 40, 50 முறை மூழ்குவதாகவும், மேலே வந்ததும் வாய், மூக்கு, காது வழியே நீரும் பல வேளை இரத்தமும் வெளிப்படுவதாகவும், அதன் பிறகும் தம் முறை வந்தால் மீண்டும் இறங்குவதாகவும் 1803இல் வெளியான தம் நூலில் எழுதினார். இரத்தம் வந்ததைக் கண்ணால் கண்டு எழுதியவர் அவர். அந்த இரத்தம் எங்கிருந்து வந்தது, அந்த மனிதர் ஐந்தாண்டு கழித்து எப்படி இருந்தார் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. அவருக்குப் பின் வந்த நிர்வாகத்துக்கும் எழவில்லை.

மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது மட்டும் பயணிகளுக்குப் பெரிய வியப்பாக இருந்தது. பாரசீக வளைகுடாவின் குளிகாரர்கள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீருக்குள் இருப்பதாக இப்னு பதூதா எழுதினார். இலங்கையில் இருந்த போர்ச்சுகீசியப் படைத்தலைவர் ரிபெய்ரோ, விசுவாசப் பிரமாணத்தை இரண்டு முறை சொல்லும் நேரம் என்றார். பெர்சிவல் வழக்கமாக இரண்டு நிமிடம் என்று சொல்லி, அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழு ஆறு நிமிடம் இருந்ததாகச் சேர்த்தார். லெ பெக் என்பவர் காரைக்காலிலிருந்து வந்த ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் ஏழு நிமிடம் இருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவர், பல ஆண்டுகள் முத்துப்பார்களின் மேற்பார்வையாளராக இருந்த கேப்டன் ஸ்டூவர்ட். 87 விநாடிக்கு மேல் எவரும் அடியில் இருந்ததைத் தாம் அறிந்ததில்லை, 13 பாகத்துக்கு மேல் எவரும் இறங்கியதில்லை, வழக்கமாக ஒன்பது பாக ஆழத்தில் 55 விநாடியைத் தாண்டுவது அரிது என்று அவர் சொன்னதை, இலங்கையின் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் பதிவு செய்தார். இரண்டு மணி நேரக் கதை 55 விநாடியாகச் சுருங்கியது. கட்டுக்கதை போய் உண்மை வந்தது நல்லதுதான். ஆனால் அந்த 55 விநாடி, ஒரு மனிதன் எவ்வளவு சிப்பி கொண்டுவர முடியும் என்ற கேள்விக்கு விடையாக நின்றுபோனது. அவனுக்கு அது எவ்வளவு செலவு என்ற கேள்விக்கு அது தொடக்கமாகவில்லை.

ஆபத்தைப் பற்றி இந்தக் கரை சிந்திக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கடல்கட்டி என்ற பதவியே அதற்குச் சான்று. சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட அவர் மந்திரம் சொல்லாமல் குளிப்பவர்கள் நீரில் இறங்கமாட்டார்கள். மார்க்கோ போலோ குறித்த இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கானதே. கிறித்தவம் வந்த பிறகும், ஆங்கில நிர்வாகம் வந்த பிறகும் அந்தப் பதவி நீடித்தது; அதற்குரிய பங்கும் நீடித்தது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமும் அல்ல. பயந்த மனம் வேகமாக மூச்சு விடும், நெஞ்சு படபடக்கும், அடக்கும் நேரம் குறையும். அச்சத்தைத் தணித்த ஒருவர் குளிப்பவனுக்கு உண்மையிலேயே உதவியிருக்கக்கூடும். கவனிக்க வேண்டியது வேறொன்று. ஸ்டூவர்ட், டெனன்ட் போன்றோரின் பதிவுகளின்படி இந்தப் பார்களில் சுறாவால் நேர்ந்த விபத்து மிக மிக அரிது. அரிதான ஆபத்துக்குப் பதவி இருந்தது, பங்கு இருந்தது, சடங்கு இருந்தது. ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் நேர்ந்த ஆபத்துக்கு, அதாவது நின்றுபோன மூச்சுக்கு, பதவியும் இல்லை, பங்கும் இல்லை. வெளியிலிருந்து பாயும் பகை கண்ணுக்குத் தெரியும். தன் உடம்புக்குள்ளேயே ஆக்சிஜன் வற்றுவது எவர் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததை எதிர்கொள்ள அதை அளப்பது ஒன்றே வழி.

அந்த அளவை முற்றிலும் இல்லாமல் போகவில்லை. அது கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. கீழே போனவனின் மூச்சுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவர்தான். சுண்டல் வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் இழுப்பதா, இன்னும் பொறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். குளிப்பவனின் கயிற்றை மைத்துனன் பிடிப்பதே வழக்கம், தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பதை அவன் பொறுக்கமாட்டான் என்று நெய்தல் கரையில் சொல்வார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் சலாபத்தில் எல்லாத் தோணியிலும் அப்படி அமைந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அந்தப் பேச்சுக்குள் ஓர் அறிவு இருக்கிறது: மூச்சை நிறுத்தும் ஒருவனால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது, அவன் பிழைப்பதில் அக்கறையுள்ள இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். அரசின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத இந்த அறிவுதான் இந்தத் தொழில் விட்டுச்சென்றவற்றில் மேலானது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மருத்துவ அறிவியலே வளராத காலத்தில் உடம்பை ஏன் அளக்கவில்லை என்று கேட்பது பின்னாளின் அறிவைக் கொண்டு முன்னாளைக் குற்றம் சாட்டுவதல்லவா? சலாபக் கரைகளில் மருத்துவர்கள் இருந்தார்களே? இருந்தார்கள். அவர்களின் முதல் கவலை காலரா. பல்லாயிரம் பேர் திடீரென்று கூடும் மணல்வெளியில் காலரா வந்தால் சலாபமே கலைந்துபோகும், வருமானம் போகும். அந்தக் கவலை தேவையானது. அதனால் உயிர்களும் பிழைத்தன. ஆனால் அது கூட்டத்தைக் காக்கும் மருத்துவம். குளிப்பவனின் செவியையும் நுரையீரலையும் தேடிப் போன மருத்துவம் அல்ல. அறிவியல் இல்லை என்பதும் முழு உண்மையில்லை. பிரான்சின் பால் பெர்ட் 1870இலேயே மூச்சடக்கும் உயிர்களின் இதயத் துடிப்பு குறைவதைப் பற்றி எழுதினார். 1878இல் அழுத்தம் உடம்பில் செய்யும் வேலையைப் பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. அதற்குப் பிறகுதான் தூத்துக்குடியில் 1889ஆம் ஆண்டுச் சலாபம் நடந்தது. அதைப் பார்வையிட்ட எட்கர் தர்ஸ்டன் 1890இல் எழுதிய நூல் முத்து, சங்கு, கடல்வாழ் உயிரினங்கள் ஆகியவற்றைப் பற்றியது. 1902இல் விலங்கியல் அறிஞர் ஹெர்ட்மன் இலங்கைப் பார்களை ஆராய வந்தார். அவரது அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளியானது. அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையை வழிநடத்தி, 1914இல் சங்கைப் பற்றிச் சிறந்த நூலொன்றை எழுதினார். இவர்கள் எல்லாரும் பெரும் உழைப்பாளிகள். இவர்கள் இல்லாவிட்டால் இந்தத் தொழிலின் வரலாறே நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் இவர்களை அனுப்பிய அரசுகள் கேட்ட கேள்வி சிப்பி ஏன் அழிகிறது, எப்போது மீண்டும் விளையும் என்பதே. கேட்ட கேள்விக்குத்தான் அறிவியல் விடை தரும். ஜப்பானில் 1932இலேயே தெருவோகா, மூச்சடக்கி மூழ்கும் அமா பெண்களின் உடலியலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அங்கும் கருவிகள் இதே காலத்துக் கருவிகள்தான், கேள்விதான் வேறு.

காலம் இதில் கொடுமையாக விளையாடியது. விடுதலைக்குப் பிறகு தூத்துக்குடியில் 1955இல் தொடங்கி 1961 வரை சலாபங்கள் நடந்தன. அதோடு தொழில் நின்றது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தாமே முக்குளித்துப் பார்களை ஆராய்ந்தார்கள். அதே நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். சிப்பியைப் பற்றிய அறிவு அப்படி முழுமை பெற்றது. குளிப்பவனைப் பற்றிய அறிவு உலகில் பெருகத் தொடங்கியதோ 1961ஐ அடுத்துத்தான். 1962இல் ஷோலாண்டரும் குழுவினரும் ஆஸ்திரேலியக் கடலில் முத்துக்குளிப்போரின் இதயத் துடிப்பையும் இரத்தத்தையும் அளந்து வெளியிட்டார்கள். 1965இல் டோக்கியோவில் அமா பெண்களைப் பற்றிய பெரும் கருத்தரங்கம் நடந்தது. கொரியாவின் ஹாங், அமெரிக்காவின் ரான் ஆகியோர் அதில் முன்னின்றனர். தாஹித்திக்கு அப்பாலுள்ள துவாமோத்து தீவுகளில் நம் பார்களைவிட ஆழத்தில் திரும்பத் திரும்ப மூழ்கிய முத்துக்குளிப்போருக்குத் தலைசுற்றலும் வாதமும் வருவதை அந்தக் கருத்தரங்கில்தான் கிராஸ் எடுத்துரைத்தார். உலகின் மிக நீண்ட எழுத்துச் சான்றுடைய முத்துக்குளிப்புக் கரைகளில் ஒன்றான இது, குளிப்பவனின் மூச்சைப் பற்றிய அறிவியலில் ஏறக்குறைய இடம்பெறாமல் போனது. கடல் மக்களுக்கு இயல்பாகவே அந்த உடற்கூறு வாய்த்திருக்கும், அவர்களுக்குக் கேடு நேராது என்று சிலர் சொல்லக்கூடும். 2018இல் இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு அண்டை ஊராரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிய மண்ணீரல் இருப்பதாகவும் அது மரபணுவோடு தொடர்புடையதாகவும் ஓர் ஆய்வு காட்டியது உண்மை. அதை அளந்தபிறகு சொன்னார்கள். அளக்காமலே நம் குளிகாரர்கள் தாங்குவார்கள் என்று சொல்வது, அவர்களைத் திரும்பத் திரும்ப இறக்கியவர்களுக்கு வசதியான நம்பிக்கை. தாங்க முடியாதவர்கள் தோணிக்கு வருவதை விட்டுவிட்டிருப்பார்கள். வந்தவர்களை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாரும் தாங்குவதாகத்தான் தோன்றும்.

அதே 1965இல்தான் மூச்சு நிற்கும் இன்னொரு நிலை வெளிச்சத்துக்கு வந்தது. பகலெல்லாம் தூங்கி விழும் பருத்த உடலினரைப் பற்றி மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். உடற்பருமனால் கரிவளி தேங்கி மயக்கம் வருவதாக நினைத்தார்கள். பிரான்சின் துறைமுக நகரமான மார்செய்யில் கஸ்தோவும் உடன் பணியாற்றியவர்களும், ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் யுங், குலோ ஆகியோரும் அப்படிப்பட்டவர்களைத் தூங்கவைத்து இரவு முழுவதும் மூளையலையையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்தபோது வேறு உண்மை தெரிந்தது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாவின் அடியும் மெல்லண்ணமும் சரிந்து காற்றுப் பாதையை அடைக்கின்றன. மார்பும் வயிறும் மூச்சுக்காக முயல்கின்றன, காற்று போவதில்லை. ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை ஒரு கணம் விழிக்கிறது, பெருங்குறட்டையோடு மூச்சு திரும்புகிறது, மீண்டும் அடைப்பு. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. 1969இல் குலோவும் தோழர்களும் அடைப்புக்குக் கீழே தொண்டையில் துளையிட்டு ஒரு நோயாளியைத் தேற்றினார்கள். 1976இல் ஸ்டான்ஃபோர்டின் கிமினோ இந்த ஸ்லீப் ஆப்னியாவுக்கு இலக்கணம் வகுத்தார். மூச்சு 10 விநாடியாவது நின்றால்தான் ஒரு நிறுத்தம் என்று எண்ணுவது நிலைபெற்றது. 1974இல் ஜப்பானின் தகுவோ அவோயாகி கண்ட வழியில் உருவான பல்ஸ் ஆக்சிமீட்டர், இரத்தம் எடுக்காமலே விரல் நுனியில் ஆக்சிஜனைக் காட்டியது. 1981இல் சிட்னியின் காலின் சல்லிவன், மூக்கின் வழியே மெல்லிய காற்றழுத்தத்தைத் தொடர்ந்து செலுத்தி ஐந்து நோயாளிகளின் அடைப்பை இரவு முழுவதும் நீக்கிக் காட்டினார். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் சி-பாப் கருவி. அளக்கத் தொடங்கிய பதினாறே ஆண்டுகளில் கத்தி வைக்காத சிகிச்சை கிடைத்துவிட்டது.

முத்துக்குளிப்பவனையும் தூக்கத்தில் மூச்சு நிற்பவரையும் ஒப்பிடுவது பொருந்துமா? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெர்சிவல் சொன்ன 40 முதல் 50 முழுக்கு, ஸ்டூவர்ட் சொன்ன 55 விநாடி. பெருக்கினால் ஒரு குளிகாரர் ஒரு நாளில் மூச்சின்றி இருந்த நேரம் ஏறக்குறைய 37 முதல் 46 நிமிடம். ஸ்லீப் ஆப்னியாவில் கடுமையானது என்று சொல்லும் எல்லை, மணிக்கு 30 முறை மூச்சு நிற்பது அல்லது வெகுவாகக் குறைவது. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி என்றால் 35 நிமிடம். பலருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் இதைவிட நீளும். அப்படியானால் கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ள ஒருவர், பாரில் இறங்கிய குளிகாரரின் ஒரு நாள் வேலையை ஒவ்வொரு இரவும் படுக்கையிலேயே செய்கிறார். சலாபம் ஆண்டில் சில வாரம்தான். இவருக்கு எல்லா இரவும் சலாபம். வேறுபாடும் பெரிது. குளிப்பவன் விழிப்போடு, ஆழ மூச்சிழுத்துக்கொண்டு, தன் விருப்பத்தோடு இறங்குகிறான், நடுவில் இளைப்பாறுகிறான், அவன் தூக்கம் கெடுவதில்லை. குரோஷியாவின் ஸ்பிளிட் நகர ஆய்வாளர் துயிச்சும் குழுவினரும் 2008இல் தேர்ந்த மூச்சடக்கு நீச்சல்காரர்களை ஆராய்ந்தபோது, ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் காணும் ஓயாத நரம்புப் பதற்றம் அவர்களிடம் இல்லை என்று கண்டார்கள். இந்த வேறுபாடு என் வாதத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது. விழித்திருந்து மூச்சடக்கிய மனிதனுக்கே கயிறு பிடிக்க ஒருவர் தேவைப்பட்டார். தூங்கும்போது தானறியாமல் மூச்சு நிற்கும் மனிதருக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம்.

இன்றைய தூத்துக்குடியில் அவர்கள் யார்? வ.உ. சிதம்பரனார் துறைமுகத்துக்கு இரவெல்லாம் கண்டெய்னர் இழுக்கும் லாரி ஓட்டுநர்கள், கிரேன் இயக்குவோர், அனல்மின் நிலையத்தில் இரவு முறை பார்ப்போர், விசைப்படகில் கண்விழிப்போர். மும்பையில் உத்வாடியாவும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 35 முதல் 65 வயதுக்குட்பட்ட ஆண்களில் நூற்றுக்கு ஏழரைப் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய ஸ்லீப் ஆப்னியா இருந்தது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் கணித்தபடி, உழைக்கும் வயதினரில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இது இருக்கலாம். நம் ஆசிய முகவாகில் தாடை சிறுத்திருப்பதால் உடம்பு பெரிதாகப் பருக்காதவர்களுக்கும் வருகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது, விபத்து கூடுகிறது. குறட்டையை வீட்டில் கேலி செய்கிறார்களே தவிர நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை. சங்கு குளிப்பவர்களின் நிலையும் இதே. மூச்சடக்கிய காலம் போய் கம்ப்ரசர் குழாயில் மூச்சுவிட்டு நெடுநேரம் அடியில் இருக்கும் காலம் வந்திருக்கிறது. அதில் வரும் வாதமும் மரணமும் வேறு வகை. ராமநாதபுரக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இன்றும் வெறும் மூச்சோடுதான் மூழ்குகிறார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை: இவர்கள் உடம்பை யார் அளக்கிறார்கள்?

சி-பாப் சிகிச்சையால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்கள் காட்டும் சான்று வலுவானது, அதை ஒளிக்கக்கூடாது. 2016இல் வெளியான சேவ் என்னும் பெரும் ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை இரத்தநாள நோயுள்ள 2,717 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சி-பாப் தந்ததால் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆனால் அவர்கள் கருவியை இரவில் சராசரி 3.3 மணி நேரமே அணிந்தார்கள். பகலில் கடுமையாகத் தூங்கி விழுபவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அப்படியிருந்தும் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. எல்லா நோய்க்கும் இது மருந்தல்ல என்பதே அந்த ஆய்வு சொல்வது. தூங்கி விழும் ஓட்டுநரைச் சிகிச்சையின்றி விடலாம் என்பதல்ல. கருவிக்கு விலை அதிகம், எல்லாராலும் முடியாது என்பதும் உண்மை. உடல் எடை குறைப்பது, மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்பது, மதுவை விடுவது ஆகியவை லேசான நிலையில் பலருக்கு உதவும். கீழ்த்தாடையை முன்னிழுக்கும் பல்கருவியும் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பது அளந்த பிறகு தெரியும். இந்திய மருத்துவர்கள் கூடி 2014இல் வகுத்த இனோசா வழிகாட்டுதல் கையில் இருக்கிறது. வீட்டிலேயே இரவு முழுவதும் மூச்சையும் ஆக்சிஜனையும் பதியும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. அறிவு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே கேட்க வேண்டியவை எளியவை. துறைமுகத்துக்குள் கனரக வண்டி ஓட்டுபவருக்குக் கண் பார்வையைச் சோதிப்பது போலத் தூக்கத்தையும் சோதிக்க வேண்டும். நோய் கண்டால் வேலையைப் பறிக்காமல் சிகிச்சை தர வேண்டும், இல்லையேல் எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். 2000இல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியைப் போன்ற நிறுவனங்கள் ஓட்டுநர்களையும் சங்கு குளிப்பவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை எடுக்க வேண்டும். சிப்பிக்குச் செய்ததை மனிதனுக்கும் செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை இடையில் சட்டென்று நின்று, சற்று நேரம் அமைதியாகி, திணறலோடு மீண்டும் தொடங்கினால், பகலில் அவர் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாது. சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.